ஆஸ்திரேலிய ஃபுட்டி: புள்ளிவிவரங்கள், சாதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களும், பல வருடம் பார்த்துவிட்டுப் பழைய சாதனைகளைத் தேடிப் போகிறவர்களும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். அங்கே எல்லோரும் சொல்வதுபோல ஆட்டத்தை இங்கேயும் 'ஃபுட்டி' என்றே சொல்கிறோம்.

ஸ்கோர்போர்டுல 14.7 (91)னு போட்டிருக்கே, இதுல எதுதான் ஸ்கோர்?

அடைப்புக்குறிக்குள் இருக்கும் 91தான் ஸ்கோர். புள்ளிக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது பிஹைண்ட். ஒரு கோலுக்கு 6, ஒரு பிஹைண்டுக்கு 1. பதினான்கு கோலுக்கு 84, அதோடு 7 பிஹைண்ட், ஆக 91. நடுவில் இருப்பது தசமப் புள்ளி இல்லை. 7.27 என்று பார்த்தால் ஏழு கோல், இருபத்தேழு பிஹைண்ட் என்று படிக்க வேண்டும்.

மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். தாக்கும் அணி வீரர் உதைத்த பந்து, வேறு யார் மீதும் படாமல், நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே போனால் கோல். நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் பிஹைண்ட். நேராக நடுவில் போகிற பந்தைக்கூட எதிரணிக்காரர் விரல் நுனியால் தொட்டுவிட்டால் அது பிஹைண்டுதான். நடுவர்கள் ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது பெரும்பாலும் இந்த விரல் நுனிக்காகத்தான்.

குவார்ட்டர் வாரியா ஸ்கோர் கொடுக்கிறாங்களே, அதைக் கூட்டினா ரொம்ப அதிகமா வருதே?

கூட்டக் கூடாது. குவார்ட்டர் முடிவில் எழுதுவது அதுவரையிலான மொத்தம். ஒரு குவார்ட்டரில் மட்டும் எவ்வளவு வந்தது என்று தெரிய, முந்தைய எண்ணைக் கழிக்க வேண்டும்.

1919ல் சவுத் மெல்பர்ன் அணி செயின்ட் கில்டாவுக்கு எதிராக 29.15 (189) எடுத்தது. கடைசி குவார்ட்டரில் மட்டும் 17.4 (106). ஒரே குவார்ட்டரில் ஓர் அணி எடுத்த அதிகபட்சம் அதுதான். கழித்துப் பார்த்தால் மூன்றாவது குவார்ட்டர் முடிவில் அவர்கள் 12.11 (83) எடுத்திருந்தார்கள் என்று தெரியும். மூன்று குவார்ட்டரில் பன்னிரண்டு கோல், நான்காவதில் பதினேழு!

அதிக தடவை ஷாட் அடிச்ச டீம் எப்படித் தோக்குது?

கோல் பிஹைண்டைவிட ஆறு மடங்கு மதிப்புள்ளது. அதனால் துல்லியம் தவறினால் ஆட்டமே போய்விடும். 2008ல், கோப்பையை முடிவு செய்யும் கிராண்ட் ஃபைனலில் ஜீலாங் 11.23 (89), ஹாத்தார்ன் 18.7 (115). ஜீலாங்குக்கு 34 முறை ஸ்கோர் கிடைத்தது, ஹாத்தார்னுக்கு 25 முறைதான். கோப்பை ஹாத்தார்னுக்குப் போனது. 2012ல் அதே ஹாத்தார்னுக்கு இதே கதி. அவர்கள் 11.15 (81), சிட்னி 14.7 (91).

இதில் உச்சம் 1948 கிராண்ட் ஃபைனல். எஸ்ஸெண்டன் 7.27 (69), மெல்பர்ன் 10.9 (69). 34 ஸ்கோருக்கும் 19 ஸ்கோருக்கும் ஆட்டம் டிராவில் முடிந்தது. மறு ஆட்டத்தில் மெல்பர்ன் 39 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. கோல் உதைக்கும் பயிற்சியின் அருமையை யாராவது கேட்டால் அந்த 7.27 ஐத்தான் காட்ட வேண்டும்.

பிளேயர்களோட பிஹைண்டை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். டீம் மொத்தத்தைவிடக் குறையுதே, யார் தப்பு?

யார் மேலும் தப்பில்லை. தடுக்கும் அணி வீரரே பந்தைத் தன் கோட்டைத் தாண்டித் தள்ளிவிட்டால், எதிரணிக்கு ஒரு பிஹைண்ட் சேரும். இதற்கு 'ரஷ்டு பிஹைண்ட்' என்று பெயர். இது அணிக் கணக்கில் ஏறும், எந்த வீரர் பெயரிலும் ஏறாது. ஸ்கோர்கார்டில் தனி வரியில் போட்டிருப்பார்கள். அதைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும்.

மேலே சொன்ன 2008 கிராண்ட் ஃபைனலில் ஜீலாங்கின் 23 பிஹைண்டில் 11 இப்படி வந்தவை. நெருக்கடி வந்தபோதெல்லாம் ஹாத்தார்ன் தடுப்பாளர்கள் ஆறு புள்ளிக்குப் பதில் ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்து, பந்தை மறுபடி தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். விதியில் அதற்கு இடம் இருந்தது. அடுத்த ஆண்டே விதியை மாற்றினார்கள். நெருக்கடி இல்லாமல் வேண்டுமென்றே பந்தைத் தள்ளினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். ஆகவே 2008 வரையிலான ரஷ்டு பிஹைண்ட் எண்ணிக்கையை அதற்குப் பிந்தையதோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

'கோல் துல்லியம்' என்று சதவீதம் போடுகிறார்களே, அதிலும் ஓர் ஓட்டை உண்டு. கோலையும் பிஹைண்டையும் மட்டும் வைத்துப் போட்ட கணக்கில், கம்பம்வரை போய்ச் சேராமல் விழுந்த ஷாட்டும், நேராக எல்லைக்கு வெளியே பறந்த ஷாட்டும் வராது. மோசமாக உதைத்தவர் அந்தக் கணக்கில் கொஞ்சம் நன்றாகவே தெரிவார்.

சில இடத்துல விஎஃப்எல் சாதனைங்கிறாங்க, சில இடத்துல ஏஎஃப்எல்ங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?

சாதனைப் பட்டியலுக்கு இரண்டும் ஒன்றுதான். விக்டோரியன் ஃபுட்பால் லீக் 1897ல் ஆடத் தொடங்கியது. 1990ல் ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக் என்று பெயர் மாறியது. லீக் அதேதான், கணக்கும் தொடர்கிறது. அதனால்தான் 'விஎஃப்எல்/ஏஎஃப்எல்' என்று சேர்த்து எழுதுகிறார்கள்.

இந்தக் கணக்கில் வராதவை நிறைய உண்டு. தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா லீக்குகள் தனி. மாநில அணிகளுக்காக ஆடியவை தனி. சீசனுக்கு முந்தைய ஆட்டங்களும் சேராது. தெற்கு ஆஸ்திரேலியாவில் நார்த் அடிலெய்டு அணிக்காக ஆடிய கென் ஃபார்மர் 224 ஆட்டத்தில் 1,417 கோல் அடித்தார். விஎஃப்எல்/ஏஎஃப்எல் பட்டியலில் அவர் பெயரே இருக்காது, ஆனால் அதன் முதலிடத்தைவிட இது அதிகம். 'ஃபுட்டி வரலாற்றிலேயே அதிகம்' என்று யாராவது எழுதினால் எந்த லீக் என்று கேட்டாக வேண்டும் என்பதற்கு ஃபார்மர் ஒருவரே போதும்.

சரி, அதிக கோல் அடிச்சது யாரு?

டோனி லாக்கெட். 281 ஆட்டத்தில் 1,360 கோல். செயின்ட் கில்டாவுக்கு 898, சிட்னிக்கு 462. அவருக்குப் பின்னால் காலிங்வுட்டின் கோர்டன் கவென்ட்ரி 1,299, ஹாத்தார்னின் ஜேசன் டன்ஸ்டால் 1,254, ஹாத்தார்னுக்கும் சிட்னிக்கும் ஆடிய லான்ஸ் ஃப்ராங்க்ளின் 1,066, டக் வேட் 1,057, கேரி ஆப்லெட் சீனியர் 1,031. ஆயிரத்தைத் தாண்டியவர்கள் இந்த ஆறு பேர். கவென்ட்ரி 1937ல் ஓய்வு பெற்றபோது வைத்துவிட்டுப் போன எண்ணை லாக்கெட் 1999ல்தான் தாண்டினார். இடையில் 62 வருடம்.

சராசரியைக் கேட்டால் பட்டியல் தலைகீழாகிவிடும். ஹாத்தார்னின் பீட்டர் ஹட்சன் 129 ஆட்டத்தில் 727, அதாவது ஆட்டத்துக்கு 5.64. எஸ்ஸெண்டனின் ஜான் கோல்மன் 98 ஆட்டத்தில் 537, சராசரி 5.48. 1949ல் முதல் ஆட்டத்திலேயே 12 கோல் அடித்தவர் அவர். முழங்கால் காயம் அவர் ஆட்டவாழ்வைச் சீக்கிரமே முடித்துவிட்டது. லாக்கெட்டின் சராசரி 4.84, ஃப்ராங்க்ளினுடையது 3.01. ஃப்ராங்க்ளின் குறைந்தவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் காலத்தில் தடுப்பு ஆட்டம் இறுகிவிட்டது, கோல்கள் பல பேருக்குப் பிரிந்து போயின. அந்தச் சூழலில் ஆயிரத்தைத் தாண்டியதைத்தான் பெரிதாக நினைக்க வேண்டும்.

ஒரு சீசன்ல 150 கோல்ங்கிறாங்க. அதே வருஷத்துக் கோல்மன் மெடல் பட்டியல்ல 140 தான் இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. அதிக கோல் அடித்தவருக்குக் கொடுக்கும் கோல்மன் மெடலுக்கு லீக் சுற்று ஆட்டங்கள் மட்டும் கணக்கு. சீசன் மொத்தத்தில் ஃபைனல்ஸ் கோல்களும் சேரும். (ஃபைனல்ஸ் என்றால் ஒரே ஆட்டம் இல்லை. லீக் சுற்றுக்குப் பிறகு வரும் கோப்பைக்கான தொடர் முழுவதும் ஃபைனல்ஸ், அதன் கடைசி ஆட்டம்தான் கிராண்ட் ஃபைனல்.) ஹட்சன் 1971 லீக் சுற்றில் 140 அடித்தார், ஃபைனல்ஸையும் சேர்த்து 150.

150 என்பது 1934ல் சவுத் மெல்பர்னின் பாப் ப்ராட் வைத்த சாதனை. ஹட்சன் 147 கோலோடு 1971 கிராண்ட் ஃபைனலுக்குள் போனார். மூன்று அடித்துச் சமன் செய்தார். நான்காவதுக்கு வாய்ப்பு வந்தும் போகவில்லை. ஹாத்தார்ன் கோப்பையை வென்றது, சாதனை இன்றும் இருவர் பெயரிலும் இருக்கிறது. நூறு கோல் சீசன் கடைசியாக வந்தது 2008ல், ஃப்ராங்க்ளினிடமிருந்து. லீக் சுற்றில் 102, மொத்தம் 113.

ஒரே ஆட்டத்துல அதிகம்?

18 கோல், 1 பிஹைண்ட். மெல்பர்னின் ஃப்ரெட் ஃபானிங், 1947ல் செயின்ட் கில்டாவுக்கு எதிராக. அதுதான் அவருடைய கடைசி விஎஃப்எல் ஆட்டம்.

அதிகபட்ச ஸ்கோர் எடுத்த ஆட்டம்தானே அதிக வித்தியாச வெற்றியும்?

இல்லை, இதில் நிறைய பேர் வினாடி வினாவில் மாட்டிக்கொள்கிறார்கள். அதிகபட்ச ஸ்கோர் 1992ல் ஜீலாங், பிரிஸ்பேன் பேர்ஸுக்கு எதிராகக் கராராவில் எடுத்த 37.17 (239). எதிரணி 75 எடுத்ததால் வித்தியாசம் 164. அதிக வித்தியாசம் 1979ல் ஃபிட்ஸ்ராய் மெல்பர்னை வென்ற 190. அந்த ஸ்கோர் 36.22 (238), 6.12 (48). அதாவது ஃபிட்ஸ்ராய் ஜீலாங்கைவிட ஒரே ஒரு புள்ளி குறைவு.

குறைந்தபட்சம் 1899ல் செயின்ட் கில்டா எடுத்த 0.1 (1). எதிரணி ஜீலாங் 162. ஓர் அணி கோலே அடிக்காமல் கடைசியாக முடித்தது 1961ல், ரிச்மண்ட் 0.8 (8). பின்தங்கிப் பிடித்த வெற்றியில் 2001ல் எஸ்ஸெண்டன் முதலிடம். நார்த் மெல்பர்னிடம் 69 புள்ளி பின்தங்கியிருந்து 27.9 (171)க்கு 25.9 (159) என்று வென்றார்கள்.

லேடர்ல 'பெர்சென்டேஜ்' 108.9ன்னு இருக்கு. நூறுக்கு மேல எப்படிச் சதவீதம் போகும்?

லேடர் என்பது புள்ளிப் பட்டியல். அதில் வரும் பெர்சென்டேஜ் வெற்றிச் சதவீதம் இல்லை. அணி எடுத்த மொத்தப் புள்ளியை, விட்டுக்கொடுத்த மொத்தப் புள்ளியால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது. நூறுக்கு மேல் இருந்தால் விட்டதைவிட அதிகம் எடுத்திருக்கிறார்கள். வெற்றிக்கு 4, டிராவுக்கு 2 என்று லேடர் புள்ளி. அதில் சமமானால் பெர்சென்டேஜ் முடிவு செய்யும். கிரிக்கெட்டின் நெட் ரன் ரேட் செய்யும் வேலைதான், ஆனால் அங்கே கழித்தல், இங்கே வகுத்தல்.

வகுத்தல் என்பதால் ஒரு விசித்திரம் உண்டு. ஓர் அணி 1,800 எடுத்து 1,700 விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெர்சென்டேஜ் 105.88. அடுத்த ஆட்டத்தை 120க்கு 100 என்று வென்றால் 1,920 ÷ 1,800, அதாவது 106.67. அதே 20 புள்ளி வெற்றி 60க்கு 40 என்று வந்தால் 1,860 ÷ 1,740, அதாவது 106.90. வித்தியாசம் ஒன்றுதான், குறைந்த ஸ்கோர் ஆட்டம் அதிகம் உதவுகிறது. நூறுக்கு மேல் நிற்கும் அணி முன்னிலை பிடித்தபின் ஆட்டத்தை இறுக்கிப் பிடித்தால் அதற்கு இந்தக் கணக்கும் சாதகம்.

இந்தப் புள்ளிக்குப் பின்னால இருக்கிற எண்ணெல்லாம் நிஜமாவே ஒரு டீமோட சீசனை முடிச்சிருக்கா?

முடித்திருக்கிறது. 2017ல் வெஸ்ட் கோஸ்ட்டும் மெல்பர்னும் தலா 12 வெற்றி. பெர்சென்டேஜ் 105.7க்கு 105.2, மெல்பர்ன் ஃபைனல்ஸுக்கு வெளியே. 2022ல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 108.9, கார்ல்டன் 108.3, கார்ல்டன் வெளியே. அந்த ஆண்டு கடைசிச் சுற்றில் கார்ல்டன் காலிங்வுட்டிடம் 74க்கு 75 என்று தோற்றது. இன்னும் ஒரே ஒரு பிஹைண்ட் வந்திருந்தால் டிரா. கிடைக்கும் 2 லேடர் புள்ளியால் பெர்சென்டேஜுக்கு வேலையே இருந்திருக்காது.

அதிக ஆட்டம் ஆடினவங்க கணக்குல எதெல்லாம் சேரும்?

லீக் சுற்றும் ஃபைனல்ஸும் மட்டும். மேலே விஎஃப்எல்/ஏஎஃப்எல் பதிலில் சொன்ன விலக்குகள் இங்கேயும் பொருந்தும். ஹாத்தார்னின் மைக்கேல் டக் 1991ல் 426 ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார். ஏழு கோப்பை வென்ற அணிகளில் ஆடிய மனிதர். அந்த எண்ணை நார்த் மெல்பர்னின் பிரென்ட் ஹார்வி 2016ல் தாண்டி 432ல் முடித்தார். கெவின் பார்ட்லெட் 403, டஸ்டின் ஃப்ளெட்சர் சரியாக 400, ஷான் பர்கோய்ன் 407. காலிங்வுட்டின் ஸ்காட் பெண்டில்பரி 2024ல் 400ஐத் தொட்டார்.

ஒரு ஆட்டமும் விடாமல் தொடர்ந்து ஆடியதில் 2025 வரை முதலிடத்தில் இருந்தவர் ஜிம் ஸ்டைன்ஸ், 244. அயர்லாந்திலிருந்து வந்து இந்த ஆட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டவர், அதுவும் நடுவர் மேலே எறியும் பந்துக்கு எதிராளியோடு மோதி எகிறும், உடம்பு தேயும் ரக் இடத்தில் ஆடியவர். எல்லாச் சாதனைகளிலும் எங்களுக்கு அதிக மரியாதை இதன் மேல்தான்.

டிஸ்போசல் சாதனை டாம் மிட்செலுக்குங்கிறாங்க. அந்தக் காலத்து ஆளுங்க இவ்வளவு அடிச்சதே இல்லையா?

அடித்திருக்கலாம், எண்ணியவர் இல்லை. டிஸ்போசல் என்றால் கிக்கும் ஹேண்ட்பாலும் சேர்ந்த எண்ணிக்கை. ஹேண்ட்பால் என்பது ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்புவது. லீக் முழுக்க இந்தக் கணக்கு 1965லிருந்துதான் இருக்கிறது. டேக்கிள் 1987லிருந்து, எதிரணியின் 50 மீட்டர் வளையத்துக்குள் பந்தைக் கொண்டுபோன எண்ணிக்கை 1998லிருந்து. 1970களில் ஆடிய ஒருவரின் பக்கத்தில் டேக்கிள் கட்டம் காலியாக இருந்தால், அவர் யாரையும் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

அந்த வரம்புக்குள் சொன்னால், ஹாத்தார்னின் மிட்செல் 2018 முதல் சுற்றில் காலிங்வுட்டுக்கு எதிராக 54. அதற்கு முன் 1989ல் சிட்னியின் கிரெக் வில்லியம்ஸ் 53.

பழைய ஸ்கோரையும் இப்போதைய ஸ்கோரையும் ஒப்பிடலாமா?

ஆட்ட நேரத்தைப் பார்த்துவிட்டு ஒப்பிடலாம். 1994ல் குவார்ட்டரை 25 நிமிடத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். கூடவே கடிகாரத்தை நிறுத்தும் சந்தர்ப்பங்களை அதிகமாக்கினார்கள். அதனால் '20 நிமிடம்' என்ற குவார்ட்டர் நிஜத்தில் அரை மணி நேரத்தை நெருங்கும். 2020 முற்றிலும் வேறு. கொரோனாவால் குவார்ட்டர் 16 நிமிடம், ஒவ்வோர் அணிக்கும் லீக் சுற்றில் 17 ஆட்டம்தான், கிராண்ட் ஃபைனல் பிரிஸ்பேனின் காபாவில். அந்த ஆண்டு டாம் ஹாக்கின்ஸ் 42 கோலில் கோல்மன் மெடல் வென்றார். 2020 எண்கள் வரும் எந்தப் பட்டியலையும் அந்த நினைப்போடுதான் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கான ஏஎஃப்எல்டபிள்யூ 2017ல் தொடங்கியது. அங்கே களத்தில் 16 பேர், குவார்ட்டரும் சிறியது. அதன் சாதனைகள் தனிப் பட்டியல், இதோடு கலக்கக் கூடாது.

அதிக ஓட்டு வாங்கியும் பிரவுன்லோ மெடல் கிடைக்காமப் போகுமா?

போகும். லீக் சுற்றின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கள நடுவர்கள் மூன்று வீரர்களுக்கு 3, 2, 1 என்று ஓட்டுப் போடுவார்கள். ஃபைனல்ஸுக்கு ஓட்டு இல்லை. மெடல் 'சிறந்தவருக்கு, நேர்மையாக ஆடியவருக்கு' என்பதால், அந்த சீசனில் தடை வாங்கியவர் தகுதி இழப்பார். ஓட்டு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். 1997ல் கிரிஸ் கிராண்ட் 27 ஓட்டு, ராபர்ட் ஹார்வி 26. கிராண்ட் ஓர் ஆட்டத் தடை வாங்கியிருந்ததால் மெடல் ஹார்விக்குப் போனது.

சமமாக வந்தால் இப்போது எல்லோருக்கும் மெடல். 2003ல் மார்க் ரிச்சியூட்டோ, நேதன் பக்லி, ஆடம் குட்ஸ் மூவரும் வாங்கினார்கள். முன்பு சமன் முறிக்கும் விதியால் இழந்தவர்களுக்கு 1989ல் பின்தேதியிட்டுக் கொடுத்தார்கள். அதனால்தான் 1930 போன்ற ஆண்டுகளுக்கு ஒரு பட்டியலில் ஒருவரும் இன்னொன்றில் மூவரும் இருப்பார்கள். ஒரு சீசனில் அதிக ஓட்டு 2024ல் கார்ல்டனின் பேட்ரிக் கிரிப்ஸ் வாங்கிய 45.

கடைசி இடத்துல முடிச்ச டீம் கப் அடிச்சதாமே, நிஜமா?

நிஜம். 1916ல் உலகப் போரால் நான்கு அணிகள் மட்டும் ஆடின. கார்ல்டன், காலிங்வுட், ரிச்மண்ட், ஃபிட்ஸ்ராய். ஃபிட்ஸ்ராய் 12 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 தோல்வி, 1 டிரா என்று லீக் சுற்றில் கடைசி இடம். ஃபைனல்ஸுக்கு முதல் நான்கு அணிகள் போகும் என்பது விதி. இருந்ததே நான்குதான் என்பதால் ஃபிட்ஸ்ராயும் போனது, அங்கே வரிசையாக வென்று கோப்பையையும் எடுத்தது. அதனால் அந்த ஆண்டுக்குக் கோப்பைப் பட்டியலிலும் கடைசி இடத்துப் பட்டியலிலும் ஃபிட்ஸ்ராய் பெயரே இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்து யாரும் திருத்திவிட வேண்டாம்.